கண்ணுக்கு, தினம் ஒரு கை

நம்புத்தாய் கடைக்குள் வந்தால்
டெட்டால் வாசனைமேல் பாசி வாசனை ஏறி உட்காரும்.
அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள்
தீவோரம் முங்கி எழுந்த கண்கள்
சுட்ட நண்டு ஓடாய்ச் சிவந்திருக்கும்.
"அதே சொட்டு" என்பாள்.
அதே சொட்டைத்தான் நானும் எடுத்து வைப்பேன்.

அன்றைக்குச் சொட்டு கேட்கவில்லை.
மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை உருவி
கண்ணாடிமேல் வைத்தாள்.
சீன எழுத்து. அதன் குறுக்கே பேனாவால்
கப்பலில் சமைக்கும் மகன் சேதுவேல் எழுதியது:
"கண்ணுக்கு. தினம் ஒரு கை."

"குண்டு மிளகாயா செய்யதம்மா? இனிக்குதே!"

அவள் கேட்டதில் தப்பில்லை.
முதுகுளத்தூர்ச் சாலையில் மாசி வெயிலுக்குக் கிடக்கும் மிளகாய்க்கு
இது தூரத்துச் சித்தப்பன் பிள்ளை.
கத்தரி, மணத்தக்காளி, எல்லாம் ஒரே குடும்ப அட்டை.
கோஜி என்று பேர்.
ஈரலின் வாசல் கண் என்பார்கள் சீன வைத்தியர்கள்.
ஈரல் வறண்டால் பார்வை மங்குமாம்.
ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இது ஈரம் வார்க்கும் என்று
சாமந்திப் பூவோடு வெந்நீரில் ஊறவைக்கிறார்கள்,
பல நூறு வருசமாக.

"அவுக சொல்லுறது இருக்கட்டும். நீ என்ன சொல்லுறே?"

நான் படித்தது பார்மசி, இரண்டே வருசம்.
தெரிந்ததைச் சொன்னேன்:
பழத்துக்குள் ஒரு மஞ்சள் சத்து இருக்கிறது,
விழித்திரைக்குள்ளும் அதே மஞ்சள் இருக்கிறது.
சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு,
சோதிக்கப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்.
உப்புத் தண்ணீரில் ஆறு மணி நேரம் கண் திறந்தவர்கள்
அவர்களில் இருந்ததாய் நான் படிக்கவில்லை.

சிரித்தாள்.
"நம்ம கடலட்டைய அவுக தின்னா மருந்து,
நாம தொட்டா கேசு.
அவுக பழமாச்சும் நமக்கு வரட்டும்."
பொட்டலம் மடிக்குத் திரும்பிவிட்டது.

வீட்டில் வேறு யார் தின்பார்கள் என்று
நான் கேட்டிருக்க வேண்டும்.
களஞ்சியத்தை மறந்துபோனேன்.
மதுரையில் வைத்த உலோக வால்வு
ராத்திரியில் டிக்கு டிக்கென்று தூங்கவிடாது என்று
அவள்தான் சொல்லியிருக்கிறாள்.
ரத்தம் உறையாமலிருக்க அவருக்கு
மாதாமாதம் மாத்திரை எண்ணிக் கொடுப்பவள்
நான்தான்.

பதினேழாம் நாள் காலை, ஷட்டர் பாதி தூக்கியபோது,
துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.
பல் விளக்கினாராம். ஈறு நிற்கவில்லை.
மாத்திரை இரண்டு போட்டீர்களா? இல்லை.
வலி மாத்திரை? இல்லை.
புதிதாக ஏதும்?
பக்கத்து டீக்கடையைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார்.
"அவ பழம்தான். ஒரு கை.
மகன் அனுப்புனதுல்ல, தாயி."

டாக்டருக்குப் போன் போட்டு
ராமநாதபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.
மூன்றரை தாண்டக்கூடாத எண்
சீட்டில் ஐந்தேகாலாக வந்தது.
மருந்தை நிறுத்தி, மறுபடி ரத்தம் பார்த்து,
நாலாம் நாள் அனுப்பினார்கள்.

பழத்தின் மேல்தான் பழி என்று
டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை.
அந்த மாத்திரையோடு சேரக்கூடாதவை என்ற பட்டியலில்
அதுவும் இருக்கிறது என்றார்.
அந்தப் பட்டியல் என் மேசைக்கடியிலும் இருந்தது.
பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லி
சேதுவேலின் எழுத்துக்குக் கீழே எழுதினேன்:
"அப்பாவுக்குக் கூடாது."
எழுதியபின் என் கையெழுத்து
அவன் கையெழுத்தைவிடச் சின்னதாய்த் தெரிந்தது.

சித்திரையில் பாசிக்குத் தடை.
நாற்பத்தைந்து நாள் ஊரில் யாரும் முங்கவில்லை.
தடை முடியுமுன் வந்தாள்.
கண் இரண்டும் சோழி வெள்ளை.

"பாத்தியா, பழம் வேலை செஞ்சிருச்சு."
"நீதான் கடலுக்கே போகலையே."
"அதுவுந்தான்."

காலிப் பொட்டலத்தில் இப்போது
நூலும் ஊசியும் வைத்திருந்தாள்,
கையுறைக் கிழிசல் தைக்க.
முடிச்சைக் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:
"திங்கக்கிழமை கடல் திறக்குறாக.
அந்தச் சொட்டு ஒண்ணு எடுத்து வையி."